பழைய டாஸ் விளையாட்டை இலவசமாகப் பதிவிறக்குவது சட்டப்படி சரியா?

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்காக ஒரு பழைய பென்டியம் 3 கணினி இருக்கிறது, விண்டோஸ் 98. அதில் 1994-இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக வந்த ஒரு புதிர் விளையாட்டைப் போட வேண்டும். என் மாமா காசு கொடுத்து வாங்கிய அசல் ஃபிளாப்பிகள் பெட்டியோடு கையில் உள்ளன. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்து எல்லாம் நனைந்துவிட்டன. செருகினால் கரகரவென்று சத்தம், அப்புறம் ஃபிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்ற 'டேட்டா எரர் ரீடிங் டிரைவ் ஏ' செய்தி.

டிரைவை மாற்றிப் பார்த்தாயிற்று. தஞ்சாவூரில் பழைய கணினி சாமான் விற்கும் கடைகளில் கேட்டாயிற்று. வெளியிட்ட நிறுவனம் மூடிவிட்டது. பெட்டியில் இருந்த முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. ஸ்டீம், ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடைகள் இரண்டிலும் விற்பனைக்கு இல்லை. 'கைவிடப்பட்ட விளையாட்டு' என்று இலவசமாகத் தரும் தளங்களில் மட்டும் கிடைக்கிறது.

நிறுவனம் மூடினாலும் உரிமை வேறு யாரிடமாவது இருக்கும். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் அரினா' என்ற பழைய டாஸ் விளையாட்டை 2004-இல் உரிமையாளர்களே இலவசமாக விட்டார்கள்; இதற்கு அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுக்கலாம் என்கிறது. 63பி பிரிவோ, பதிப்புரிமையை மீறி எடுத்த பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் தண்டனை என்கிறது. இலாப நோக்கம் இல்லாவிட்டாலும் 50,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். பிள்ளைகள் புழங்கும் பொது இடம், அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

அசல் ஃபிளாப்பி கையில் இருக்கும்போது, வேறொருவர் ஏற்றிய பிரதியைப் பதிவிறக்கினால் 52-ஆம் பிரிவு எங்களைக் காக்குமா, இல்லை அது 63பி-யில் சேருமா?