வேலூர்ப் புரட்சி அசைன்மென்ட்: பத்துப் பக்கம் எழுதியும் திரும்பி வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

காட்பாடிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி. "1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள்" என்று அசைன்மென்ட். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் எழுந்த கதைதான். ஏ4 தாளில் மார்ஜின் போட்டுக் கையால் பத்துப் பக்கம். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன், உடைக் கட்டுப்பாடு, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை, கோட்டையில் இருந்த திப்பு குடும்பம், சம்பளக் குறை என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை ஸ்கெட்சில் தலைப்புப் போட்டு. மேடம் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் "எல்லாம் சரி, இதில் நீ சொல்வது என்ன?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஒரே இணையப் பக்கத்தைப் பார்த்து எழுதியவர்கள், சிலர் ஏஐயில் எடுத்தார்கள். நான் மூன்று இடத்தில் எடுத்து வார்த்தையை மாற்றி எழுதினேன், பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் பழக்கம். திங்கட்கிழமைக்குள் மறுபடி தர வேண்டும். 200 வருடத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? கோட்டை எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான், அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

சாக்பீஸ்:
22 வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியிருக்கிறேன் அம்மா, அந்தச் சிவப்பு மை வரியை நானும் நிறையப் பேருக்கு எழுதியிருக்கிறேன். நீ போட்ட பட்டியலை எடுத்துக்கொள். அதில் எது இல்லாவிட்டாலும் கலகம் நடந்திருக்கும், எது மட்டும் இல்லாவிட்டால் நடந்தே இருக்காது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது, அதுதான் நீ சொல்வது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாக வெட்ட வேண்டும் என்ற விதிகள் 1805 நவம்பரில் வந்தவை. 1806 மே மாதத்திலேயே வேலூரில் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையை வைக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையிலிருந்தும் நீக்கினார்கள். கோட்டையில் துப்பாக்கி வெடித்தது ஜூலை 10 விடியுமுன். மே மாதம் சண்டை தலைப்பாகையோடு. ஜூலையில் கோட்டைமேல் திப்புவின் கொடி ஏறுகிறது. இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு தொப்பிக் கோபம் எப்படி அரசைத் தேடும் கோபமாக மாறியது? பத்துப் பக்கமும் இதற்கே போதாது.

அப்புறம் யார் சொல்கிறார்கள் என்று பார். தலைப்பாகைதான் காரணம் என்று முடிவானால் பழி தளபதி கிராடக் மேலும் ஆளுநர் பெண்டிங் மேலும் விழும். திப்புவின் மகன்கள் செய்த சதி என்றால் அந்தப் பழி கோட்டைக் கைதிகள் பக்கம் போய்விடும். அதனால் அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதியதைப் படிக்கும்போது இப்படிச் சொல்வதால் இவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்டுக்கொண்டே படி. கடைசியில் கம்பெனி கிராடக், பெண்டிங் இருவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது, திப்புவின் மகன்களையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அதாவது இரண்டு காரணத்தையுமே அது விட்டுவிடவில்லை. சிப்பாய்களின் குரலோ நமக்குப் பெரும்பாலும் விசாரணையில் வெள்ளைக்கார அதிகாரிகள் முன்னால் சொன்ன வாக்குமூலமாகத்தான் கிடைக்கிறது. தூக்குக்கயிறு கண்முன் இருக்கும்போது ஒருவன் சொன்ன சொல் அது என்பதை மறக்காமல் எழுது.

பகல்_டியூட்டி:
சார் சொல்வது சரிதான், ஆனால் எல்லோருக்கும் அந்த நேரம் கிடைப்பதில்லை. நான் காலேஜ் முடிந்ததும் மொபைல் கடைக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவன். ஒரு செமஸ்டருக்கு ஐந்து பேப்பர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அசைன்மென்ட். இன்டர்னல் 25 மார்க்கில் இதற்கு வருவது ஐந்தோ என்னவோ. எங்களைக் காப்பி அடிக்கிறவர்கள் என்று திட்டுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

சாக்பீஸ்:
தம்பி, உன் கஷ்டம் நிஜம். பத்துப் பக்கம் கேட்பதே தப்பு என்று எங்கள் துறைக் கூட்டத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன். என்னிடம் மூன்று பக்கம் சொந்தமாக எழுதிக் கொடுத்தால் முழு மார்க் போடுவேன். எட்டுப் பக்கம் எடுத்தாளவே வேண்டியிருந்தாலும் எங்கிருந்து எடுத்தாய் என்று கீழே ஒரு வரி எழுதிவிடு, அது காப்பி ஆகாது. அந்த ஒரு வரியை மறைப்பதுதான் காப்பி.

குறிஞ்சிப்பூ:
நான் எம்.ஏ. தமிழ். எங்கள் பக்கமும் இதே கதைதான். புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாட்டு. செமினார் என்றால் எல்லோரும் "யாதும் ஊரே" என்ற முதல் அடியோடு நிறுத்திவிட்டு உலக ஒற்றுமை என்று நான்கு பக்கம் எழுதுவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன். பிறகு ஒருநாள் பாட்டு முழுவதையும் பதம் பிரித்துப் படித்தபோது நடுவில் ஒரு தெப்பம் வருகிறது. மழை பெய்து, கல்லில் மோதி இரைகிற பெரிய ஆற்றில், நீர் போகிற வழியே போகிற தெப்பம். நம் உயிரும் முறைப்படி அப்படியே போகும் என்கிறார். அதனால்தான் பெரியவரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்று முடிக்கிறார். அந்தத் தெப்பத்தை விட்டால் முதல் அடி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. அதை மட்டும் வைத்து இரண்டரைப் பக்கம் எழுதினேன், என் வாழ்க்கையில் நான் உண்மையாக எழுதிய முதல் கட்டுரை அதுதான். உங்களுக்கும் அப்படி ஒரு தெப்பம் கிடைக்கும், அந்தக் கசையடியாகக்கூட இருக்கலாம்.

மூன்றாம்_பெஞ்சு_அம்மா:
என் பையன் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியல் செயல்திட்டம் என்றால் சார்ட் பேப்பர் வாங்கிப் படம் ஒட்டி நானே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது எவ்வளவு தப்பு என்று இந்த வருடம்தான் புரிந்தது. தலைப்பு உழவர் சந்தை. 1999இல் தொடங்கியது, இடைத்தரகர் இல்லாத விற்பனை என்று புத்தகத்தில் உள்ளதை எழுதினால் அரைப் பக்கம் தாண்டாது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கத்தரிக்காய் விற்ற ஒரு பாட்டியிடம் இவனாகவே கேட்டான், "இங்க விலைப்பலகையில போடுற விலைக்குத்தான் விக்கணுமா பாட்டி, மிச்சம் ஆனா என்ன பண்ணுவீங்க?" பாட்டி கூடையை நகர்த்தி வைத்துவிட்டுக் கால்மணி நேரம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஐந்து பக்கம் அவனே எழுதினான், எழுத்துப்பிழையோடு. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

காட்பாடிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் கோட்டைக்குப் போய்வந்தேன். இத்தனை வருடம் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இன்று மதில்மேல் நின்றபோது ஒன்று தோன்றியது. 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்த அதே மதிலுக்குள்தான் சிப்பாய்களையும் வைத்திருக்கிறார்கள். அடி வாங்கியவர்களும் அரசை இழந்தவர்களும் ஒரே சுவருக்குள். தொப்பிக் கோபம் கொடி வரை போக இதுவே வழி திறந்திருக்கும் என்று எழுதலாமா சார்? இன்னொன்று, கலகம் என்பதா புரட்சி என்பதா?

சாக்பீஸ்:
தாராளமாக எழுது அம்மா, ஆனால் "திறந்திருக்கும்" என்பதை "திறந்தது" என்று மாற்றிவிடாதே, அதற்கு உன்னிடம் ஆதாரம் வேண்டும். பெயரைப் பொறுத்தவரை தலைப்பை மேடம் கொடுத்தபடியே வை. முதல் பக்கத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, கம்பெனிக்காரன் ஏன் கலகம் என்றான், நம் பாடப்புத்தகம் ஏன் புரட்சி என்கிறது, நீ ஏன் இந்தச் சொல்லை எடுக்கிறாய் என்று எழுதிவிட்டு மே மாதத்திலிருந்து ஆரம்பி. பச்சை ஸ்கெட்ச் வேண்டாம்.