கடலோர நீர்க் கண்காணிப்பு: டிஓ மீட்டர் ஏன் கூட்டிக் காட்டுகிறது?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு கடல்நீர் கண்காணிப்பு வேலைக்குத் தயாராகிறேன். 25 டிகிரி கடல்நீரில் டிஓ மீட்டர் (கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) 8.2 மி.கி/லி என்கிறது, விங்க்ளர் முறையில் (ரசாயனம் சேர்த்து அதே ஆக்சிஜனை அளப்பது) 6.7 தான். எது சரி?

பதில் 1: விங்க்ளர்தான். மீட்டரில் உப்புத்தன்மை 0 என்றே கிடக்கும், பாருங்கள். 25 டிகிரியில் நன்னீர் 8.26 வரை ஆக்சிஜன் பிடிக்கும். உப்புத்தன்மை 35 (கிலோவுக்கு சுமார் 35 கிராம் உப்பு) உள்ள கடல்நீர் சுமார் 6.7தான். சென்சார் உணர்வது ஆக்சிஜன் அழுத்தத்தை. அதை மி.கி.யாக மாற்றும்போதுதான் உப்பு கணக்கில் வரும். அதனால் பூரித சதவீதம் (நீர் பிடிக்கக்கூடிய ஆக்சிஜனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) சரியாகவே இருந்திருக்கும்.

பதில் 2: ஆனால் விங்க்ளரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ரப்பர் குழாயைப் புட்டியின் அடிவரை இறக்கி, இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வழியவிடுங்கள். மாங்கனீஸ் கரைசல், உடனே கார அயோடைடு, பிறகு மூடி. மூடிக்கடியில் ஒரு குமிழி மாட்டினாலும் அளவு ஏறிவிடும். வீழ்படிவு பழுப்பாக வர வேண்டும். வெள்ளை என்றால் ஆக்சிஜனே இல்லை.

பதில் 3: வேலைக்கு இன்னொன்று: ஊட்டச்சத்து (நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்றவை) அளக்க எடுக்கும் நீர் மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் உடனே வடிகட்டுங்கள். சிலிக்கேட்டுக்குக் கண்ணாடிப் புட்டி ஆகாது, கண்ணாடியே சிலிக்கா விடும். எடுத்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா என்று எழுதாத மாதிரியை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.