தாத்தாவின் ஸ்லைட்கள்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

ஹட்டன் பேத்தி:
வணக்கம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர் எடுத்த 35 மி.மீ. ஸ்லைட்கள் (சிறு சட்டத்தில் பொருத்திய, ஒளி ஊடுருவும் ஃபிலிம் படங்கள்) ஆயிரத்துக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. தேர்த் திருவிழா, கொழுந்து நிறுக்கிற இடம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன சொந்தங்களை ஸ்டேஷனில் வழியனுப்பியது, எல்லாம் அதில்தான். சிலவற்றில் பூஞ்சணம் வேறு. ஆபிஸ் ஸ்கேனரில் வைத்தால் வெறும் கறுப்பாக வருகிறது. எப்சன் வி600 நல்லதா, பிளஸ்டெக் 8200ஐ (8200i) நல்லதா?

பண்டாரவளை அண்ணன்:
ஆபிஸ் ஸ்கேனரில் பழுதில்லை தங்கச்சி. அது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் படிக்கும். ஸ்லைடுக்குப் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும். வி600 மூடியில் அந்த விளக்கு இருக்கிறது, ஒரே தடவையில் 4 ஸ்லைட் வைக்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) நம்பி வாங்காதீர்கள், கையில் கிடைக்கும் கூர்மை அதைவிட மிகக் குறைவு. பிளஸ்டெக்கில் ஒவ்வொன்றாகக் கையால் தள்ள வேண்டும், ஆனால் படம் தெளிவு. என் தெரிவு அதுதான். 3600 டிபிஐ வைத்தாலே ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பிக்சல் வரும், தாராளம்.

இரண்டிலும் அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. மவுண்டில், அதாவது ஸ்லைடின் சட்டத்தில், கொடக்குரோம் (கொடாக்கின் ஒரு வகைக் கலர் ஃபிலிம்) என்று இருந்தால் மட்டும் கவனம்: படத்தின் நல்ல பகுதியையும் அது அழித்துவிடலாம். கறுப்பு வெள்ளைக்கு அதை நிறுத்திவிடுங்கள்.

நுவரெலியா அக்கா:
ஸ்கேனர் இருக்கட்டும், முதலில் பூஞ்சணத்தைப் பாருங்கள் தங்கச்சி. தயவுசெய்து தண்ணீர் படவிடாதீர்கள். பூஞ்சணம் அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமே போய்விடும். காற்று ஊதி, மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியாக வையுங்கள். நம்ம ஊர் ஈரலிப்புக்கு மூடி இறுகிய பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

ஹட்டன் பேத்தி:
நன்றி அக்கா, இன்றைக்கே பிரிக்கிறேன். அண்ணா, ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளி முடியுமா?

பண்டாரவளை அண்ணன்:
ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலும் 50 மணித்தியாலம். அதனால் எல்லாவற்றையும் அதில் செய்ய வேண்டாம். மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் வைத்துப் படம் எடுக்கும் லென்ஸ்) உள்ள கமரா யாரிடமாவது இரவல் கிடைத்தால், பின்னால் சீரான வெள்ளை வெளிச்சம் வைத்து ஒரு சுற்று படம் எடுத்துவிடுங்கள். தூசி நீங்காது, ஆனால் வேகம். அதில் பார்த்து நல்லவற்றைப் பிளஸ்டெக்குக்கு எடுங்கள். ஸ்டேஷன் படங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அந்த முகங்களைப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இப்போதும் வீட்டில் இருந்தால் உடனே காட்டிக் கேளுங்கள்.

ஹட்டன் பேத்தி:
அப்பாயி இருக்கிறார், கேட்கிறேன். பெயரை மவுண்டிலேயே எழுதலாமா?

நுவரெலியா அக்கா:
அட்டை மவுண்ட் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு இலக்கம் மட்டும். அதே இலக்கத்தைக் கோப்புக்கும் வைத்து, பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.