நான் கண்ணடிக்கவில்லை

நெல்லைக்காரன்:
எனக்கு 7 வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து வெட்டி இழுத்தது. 10 வயதில் தொண்டையில் 'க்ஹும்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் முதலில் கண்ணாடிக் கடை, பிறகு மந்திரித்துத் தாயத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் நரம்பு டாக்டர். நம்மை மீறி உடம்பு வெட்டுவதும் சத்தம் வருவதுமான இந்த நரம்புக் கோளாறுக்கு டூரெட் என்று பெயர் என்பது காதில் விழும்போது எனக்கு 19 வயது. 1885-லேயே ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்துவிட்டாராம். எங்கள் தெருவுக்கு வந்துசேர அவ்வளவு காலம்!

டவுன் பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று இடது கண் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே நின்ற அக்கா முறைத்தார். அவர் மேல் தப்பே இல்லை, பஸ்ஸில் பெண்கள் படுவது எனக்கும் தெரியும். குனிந்துகொண்டேன். அடக்க அடக்க உள்ளே அரிப்பு மாதிரி ஏறி, நிமிர்ந்ததும் மூன்று நான்கு தடவை சேர்ந்தாற்போல் அடித்தது. பக்கத்திலிருந்தவர் காலரைப் பிடித்துவிட்டார். "அண்ணே, நரம்புப் பிரச்சினை" என்று சொல்லி முடிப்பதற்குள் கழுத்து வேறு வெட்டியது. "ஐயோ, வலிப்பு!" என்று யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த அக்கா இறங்கிப் போயிருந்தார். அவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

ஒரு பையனின் அம்மா:
தம்பி, அந்த அடக்குவதுதான் எங்களுக்கும் வினை. "ஒரு பீரியட் முழுக்கச் சும்மா இருக்கிறானே, அப்போ வேண்டுமென்றுதானே செய்கிறான்?" என்று டீச்சர் கேட்டார். தும்மலை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பீர்கள் மிஸ் என்றேன். பள்ளியில் அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்து புத்தகப்பையை இறக்கியதும் கொட்டும். இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள்: சத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மூக்கால் மெதுவாக மூச்சு விட வேண்டும். கொஞ்சம் குறைந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்பதோ, "கெட்ட வார்த்தை பேசுவானா?" ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது வருமாம். இவன் பேசுவதெல்லாம் கிரிக்கெட்.

கல்லூரி மாணவி:
எனக்கும் தொண்டைச் சத்தம்தான். 2020-ல் ரேஷன் கடை வரிசையில் ஒரே ஒரு 'க்ஹும்'. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டார்கள். வாழ்க்கையில் அன்றுதான் அவ்வளவு சீக்கிரம் அரிசி வாங்கினேன். சிரித்துக்கொண்டே வந்து வீட்டில் அழுதேன். உங்களில் யாருக்காவது நல்லதாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நெல்லைக்காரன்:
நடந்திருக்கிறது தங்கச்சி. நான் முடிவெட்டும் சலூன் அண்ணன் இது என்ன வியாதி என்று இதுவரை கேட்டதில்லை. கிருதா பக்கம் கத்தி வைக்கும் முன் என் தாடையில் ஒரு விரலை வைத்துக் காத்திருப்பார். கழுத்து ஒரு வெட்டு வெட்டும்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"சரி, இந்தப் பக்கம் திரும்பு."