புதுப்பிப்பு: ஜார்ஜெட்டுக்குப் புல்காரியா, பலூச் வேலையா?

பாகிஸ்தான் கை எம்பிராய்டரியை என் கோடைக்கால ஜார்ஜெட் உடைத் தொகுப்பில் எப்படிச் சேர்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நிறையப் பேர் பஞ்சாபின் பூவேலையான புல்காரி என்றீர்கள். முடிவு: பலுசிஸ்தான் பக்கத்து பலூச் மக்களின் எம்பிராய்டரி.

காரணம் துணிதான். புல்காரியைத் துணியின் பின்பக்கத்திலிருந்து இழை எண்ணிப் போடுவார்கள். அதற்குக் கதர் மாதிரி நெசவு தெரிய வேண்டும். வழுக்குகிற ஜார்ஜெட்டில் எண்ண முடியுமா?

பலூச் பெண்களின் பஷ்க் உடையில் வேலைப்பாடு மார்பு, இரண்டு கைமுனை, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளப் பை ஆகிய இடங்களில்தான். தனித்துணியில் தைத்து உடையில் பொருத்தலாம். கராச்சியின் லியாரி பகுதியில் இருக்கும், பலுசிஸ்தானின் மக்ரான் கடற்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே துண்டுகளை முடித்துத் தருகிறார்கள். உடை அளவு மாறினாலும் அவர்கள் உழைப்பு வீணாகாது. உடை நைந்தால் பிரித்து இன்னொன்றில் வைக்கலாம். அந்த நீளப் பையை எடுத்துவிடச் சொன்னவர்களுக்கு: மாட்டேன். அது போனால் மிச்சம் வெறும் பார்டர்.

சிந்து மாகாணத்து ஹுர்முச் தையலைக் கேட்டவருக்கு: முதலில் நூலால் ஒரு சட்டம் போட்டு, துணியைக் குத்தாமல் அடுத்த நூலை அதற்குள் பின்னுவார்கள். வாஷிங் மெஷினில் மேல்நூல் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் ஜாக்கெட் காலரில் மட்டும் வைத்திருக்கிறேன்.

லேபிளில் ‘எத்னிக்’ கிடையாது. ‘பலூச் கையெம்பிராய்டரி’ என்றே இருக்கும்.