சிம்சிட்டி 4-க்கு ஸ்கைலைன்ஸ் வாரிசாகுமா?

தோபாயோ_மேயர்:
2003-இல் வந்த, நகரம் கட்டும் கணினி ஆட்டமான சிம்சிட்டி 4-ஐ இன்னும் விளையாடுகிறேன். பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் உருவாக்கி 2015-இல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸும் நல்ல ஆட்டம்தான். ஆனால் அதைச் சிம்சிட்டியின் வாரிசு என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. சிம்சிட்டி 4-இல் நான் கட்டுவது பல சதுரக் கட்டங்களாகப் பிரிந்த ஒரு முழு வட்டாரம். ஒரு சதுரத்தில் ஆலைகள், இன்னொரு சதுரத்தில் வீடுகள். சிங்கப்பூரில் ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவையும் குடியிருப்புப் பேட்டையான பொங்கோலையும் பிரித்து யோசிப்பது மாதிரி யோசிக்கலாம். ஸ்கைலைன்ஸில் பாதி நேரம் சாலைச் சந்திப்புகளைச் சரிசெய்வதிலேயே போய்விடுகிறது.

பொங்கோல்_புளோக்:
அண்ணே, ஒரு கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த ஊரில் காலம் அப்படியே நின்றுவிடுகிறதே? அப்புறம், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் எங்கும் போய்ச் சேராமல் கட்டத்துக்குக் கட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் பிழை! ஸ்கைலைன்ஸில் ஒருவரைச் சொடுக்கினால் பெயர், வீடு, வேலையிடம் எல்லாம் தெரியும். அவர் பஸ் ஏறப் போவதைப் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

தோபாயோ_மேயர்:
தம்பி, அவர் கார் நெரிசலில் ரொம்ப நேரம் நின்றால் மாயமாய் மறைந்துவிடுமே? ஆறு தடம் போட்டுக் கொடுத்தாலும் எல்லாரும் ஒரே தடத்தில்தான் வரிசை கட்டுவார்கள். வானளாவிய கட்டடத்தில் சில டஜன் குடும்பங்கள்தான் இருக்கும். இங்கே சிங்கப்பூரின் டக்ஸ்டன் பினாக்கிள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 7 புளோக்குகளில் 1,848 வீடுகள்! போதாததற்கு, நகரமே ஒரே நேரத்தில் செத்து, அமரர் ஊர்திகள் சாலையை அடைத்துக்கொள்ளும்.

ஞாயிறு_ஆட்டம்:
இடையில் ஒரு தகவல். சிம்சிட்டி 4 அடிக்கடி நின்றுபோனால், கணினியின் மையச் செயலியில் (CPU) ஒரே கோரில் மட்டும் ஓடும்படி வையுங்கள். பல கோர் செயலிகள் பரவலாகும் முன்பு எழுதிய ஆட்டம் அது.

பொங்கோல்_புளோக்:
அந்தச் சாவு அலை ஏன் வருகிறது? ஒரே மூச்சில் பெரிய பேட்டையைத் திறந்துவிட்டால், கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள் மொத்தமாகக் குடிவருகிறார்கள், மொத்தமாக மூப்படைகிறார்கள். ஆட்டம் அதை மிகைப்படுத்துகிறது, சரி. ஆனால் முதிர்ந்த பேட்டைகள் எல்லாம் அப்படித்தானே ஆயின? உங்கள் தோ பாயோவையே பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் அலை அடங்கிவிடும். நகரம் கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் சிம்சிட்டி 4-இல் எங்கே இருக்கிறது? 2013-இல் வந்த சிம்சிட்டி, இணையம் இல்லாமல் விளையாட முடியாது என்று ரசிகர்களைத் துரத்தியடித்தபோது, இந்த வகை ஆட்டத்தையே தூக்கி நிறுத்தியது ஸ்கைலைன்ஸ்தான்.

தோபாயோ_மேயர்:
தூக்கி நிறுத்தியதை நான் மறுக்கவே இல்லை. நான் தேடுவது வேறு. சிம்சிட்டி 4-இல் மக்களுக்கு மூன்று வருமான நிலைகள் உண்டு. பணக்காரர்கள் ஒரு தெருவை விட்டுப் போனால் அவர்களுடைய மாளிகைக்குள் ஏழைக் குடும்பங்கள் வந்து சேரும். அதே கட்டடம், சுவரெல்லாம் அழுக்கேறி நிற்கும். ஏன் போனார்கள் என்று பள்ளி, தூய்மைக்கேடு, வேலைக்குப் போகும் நேரம் என ஒவ்வொரு வரைபடமாகத் திறந்து தேட வேண்டும். ஸ்கைலைன்ஸில் கல்வி இருக்கிறது, நில மதிப்பு இருக்கிறது. ஏழை பணக்காரர் என்ற பிரிவே இல்லை. எல்லாருக்கும் ஒரே வாழ்க்கை. யார் எங்கே வாழ முடிகிறது என்ற கேள்வியைக் கேட்காத நகர ஆட்டத்தை எப்படித் தம்பி வாரிசு என்பது?

பொங்கோல்_புளோக்:
வருமான நிலை இல்லாதது குறைதான் அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளைந்த சாலை ஒன்றைக் கையால் இழுத்துக் கடற்கரை ஓரமாகக் கொண்டுபோன பிறகு, அந்தச் சதுரக் கட்டங்களுக்கு என்னால் திரும்ப முடியாது.