எஸ்டேட்: தோட்டமா, தேட்டமா?

திருகோணமலை, ஓவியக்கூடம்:
கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். ஓவியர் இறந்தபின் விட்டுச்சென்ற அனைத்தையும் ஆங்கிலத்தில் அவருடைய 'எஸ்டேட்' என்கிறார்கள்; அதற்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். காலமான ஓவியர் ஒருவரின் ஆக்கங்களை எங்கள் கூடம் பொறுப்பேற்கிறது. கைக்கு வந்த ஒப்பந்த வரைவில் 'ஓவியரின் தோட்டம்' என்றிருக்கிறது. அவருடைய மகள் இரண்டு முறை வாசித்துவிட்டு, "அண்ணா, அப்பாவுக்கு ஒரு தென்னைகூடச் சொந்தமாக இருக்கவில்லையே" என்றார். இந்த நாட்டில் எஸ்டேட் என்றால் தேயிலைதான்.

அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. மார்கழி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய நீர்வர்ணத் தாள்கள், ஓரமெல்லாம் பூஞ்சணம். கோணேசர் மலையைப் பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்த கொப்பி. யார் படம் வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று எழுதிய இன்னொரு கொப்பி. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத பதிப்புரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அது அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும். இத்தனையையும் தாங்கும் சொல் எது? சொத்தைக் குறிக்கும் 'ஆதனம்' என்றால் வரித்துண்டுதான் நினைவுக்கு வருகிறது. நான் முன்மொழிவது: கலைத்தேட்டம்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம், தேடு தேட்டம். சொல்லில் குறையில்லை. ஆனால் வள்ளுவர் தந்த சொல் இருக்க வேறெதற்கு? 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்.' புகழையே 'இசையென்னும் எச்சம்' என்றவர் அவர். பெயரெச்சம் ஒரு பெயரை வேண்டி நிற்பதுபோல, அந்தப் பெட்டியும் தன்னை முடித்துவைப்பவரை வேண்டி நிற்கிறது. 'கலையெச்சம்' என்றே எழுதுங்கள். முன்னோர் வழிச் சொத்து என்று பொருள்படும் முதுசத்தை யாராவது கொண்டுவருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது முதுசொம். 'சொம்' வடமொழி 'ஸ்வம்' என்பதன் திரிபு என்பார்கள். நான் ஏற்பதில்லை. சொந்தம், சொத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மட்டக்களப்பு, சித்திர ஆசிரியை:
ஐயா, எச்சம் என்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். அந்த மகள் கையெழுத்திடும் தாளில் அது வேண்டாம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
'கலைச்சொத்து' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

வவுனியா, சட்டத்தரணி:
யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் தேடியதேட்டம் என்பது மணவாழ்க்கையில் கணவனோ மனைவியோ ஈட்டியது. ஒப்பந்தத்தில் தேட்டம் என்று எழுதினால், மணத்துக்கு முன் வரைந்த படங்கள் அதில் அடங்குமா என்று நாளை ஒருவர் கேட்பார். இன்னொன்று: தேட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். அச்சில் அந்தக் கால் எப்படியும் ஒட்டிக்கொள்ளும்.

திருகோணமலை, ஓவியக்கூடம்:
கால் பற்றிய எச்சரிக்கை என்னைச் சுட்டது. ஆனாலும் 'சொத்து' என்று எழுத மனம் வரவில்லை. விலை பேசக்கூடியதைத்தான் சொத்தென்று எண்ணுவோம். இலங்கை ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய ஒளிப்பட நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நம்மிடம் இருப்பவை எஞ்சிய பிரதிகள்தான். பாக்கிக் கணக்குக் கொப்பியை எந்த வாங்குபவரும் கேட்கமாட்டார். ஆனால் எந்தப் படம் யார் வீட்டில் இருக்கிறது என்று அது ஒன்றுதான் சொல்லும். அதையும் காப்பாற்றச் சொல்கிற சொல் வேண்டும்.

ஐந்து பேர் தேட்டத்துக்கு, இருவர் சொத்துக்கு, ஒருவர் எச்சத்துக்கு. தலைப்பில் 'கலைத்தேட்டம்' என்று இடுகிறேன். முதல் வாசகத்திலேயே 'ஓவியர் விட்டுச்சென்ற ஆக்கங்கள், குறிப்புகள், உரிமைகள் அனைத்தும்' என்று விரித்துவிடுகிறேன். நேற்று மகளிடம் வாசித்துக் காட்டினேன். "தேடினவர்தான்" என்றார். கொப்பிகளையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகளுக்குச் சம்மதமென்றால் இந்தத் தாளுக்கு அதுவே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் என் மறுப்பைப் பதியுங்கள். 'சொம்' பற்றித் தனியாக எழுதுகிறேன்.